ஜேபிஜியில் வராதது

“ஐஃபோன் போட்டோ இந்த ஆன்லைன் ஃபார்ம்ல ஏறாது அங்கிள், அதான் ஜேபிஜியா மாத்திட்டேன். போன்ல இடமே இல்ல, பழசை அழிச்சிடவா?” என்றாள் ஸ்ரீரங்கம் பிரவுசிங் சென்டர் வைஷ்ணவி.

“ஐயையோ, அதுல கை வெச்சிடாதம்மா!” பதறினார், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிடையரான பிச்சை.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி பொன்னுத்தாய், முழங்கையால் அவரை இடித்தாள்.

“ரெண்டும் ஒரே படம்தானே? ஆன்ட்டி, நீங்களாச்சும் சொல்லுங்க.”

பொன்னுத்தாய் சிரித்தாளே தவிர, பேசவில்லை.

“என்ன அங்கிள், ஆன்ட்டி உங்ககூட டூவா?”

“நாலு மாசமாப் பேச்சே இல்லம்மா” என்றவர், போனில் பழைய போட்டோவை விரலால் அழுத்திப் பிடித்தார். குரலோடு பதிவாகும் ‘லைவ் போட்டோ’ அது; படம் லேசாக அசைந்தது.

‘ஏங்க, கொஞ்சம் சிரிச்சாத்தான் என்னவாம்?’ என்றது ஒரு பெண் குரல்.

“இவதான் எடுத்தா. தொண்டை ஆபரேஷனுக்கு முந்தின நாள். இனிமே பேச்சு வராதுன்னுட்டாங்க. உன் ஜேபிஜியில இந்தக் குரல் வரலியேம்மா!”

வைஷ்ணவி மவுஸிலிருந்து கையை எடுத்தாள். சட்டென்று அவள் முகம் மலர்ந்தது.

“அங்கிள், அந்தக் குரலை மட்டும் பிரிச்செடுத்து ரிங்டோனா வெச்சுத் தரேன். ஆன்ட்டி எங்கேர்ந்து மிஸ்டு கால் குடுத்தாலும், அவங்க குரலே உங்களைக் கூப்பிடும். என்ன சொல்றீங்க?”