நடுக் கண்ணாடி

மணி பதினொன்று இருபது.

நாலு மணிக்குள் வந்துவிடுவார்கள். மகன் நவநீதனைக் கூட்டிவர அவள் தம்பி காலையிலேயே கோவை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான்.

கண்ணாடி மாதிரியே இருக்கும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் ஷீட்டைச் சாப்பாட்டு மேசையில் கிடத்தினாள். இரண்டு பக்கமும் நீல உறை ஒட்டியிருந்தது.

மகனின் அறை ஜன்னலில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கண்ணாடிகள். மேலே இருப்பதும் கீழே இருப்பதும் வீடு கட்டியபோது போட்டவை. நடுவில் இருந்தது அவன் கைக்கு நேர் உயரம். இரண்டு முறை உடைந்து மாற்றியாயிற்று. இப்போது அங்கே அட்டை.

இரண்டு முறையும் ஒரே தச்சர்தான் வந்தார். கடைசியாக வந்தபோது அளவெடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"மறுக்காவுங்களா அக்கா?"

கேலி இல்லை. இரக்கம்தான். அதனாலேயே இந்த முறை அவரைக் கூப்பிடவில்லை.

இது சுத்தியலால் அடித்தாலும் உடையாது என்றார் ஷீட் விற்ற கடைக்காரர். எதற்கு என்றும் கேட்டார். கோழிக் கூண்டுக்கு என்றாள்.

கோழி வளர்த்ததே இல்லை.

ஸ்கேல் வைத்துக் கத்தியால் ஆழமாகக் கீறினாள். தச்சர் கண்ணாடியில் செய்ததைப் போலவே, கீறலை மேசை விளிம்பில் வைத்து அழுத்தினாள். வளைந்தது. கையை எடுத்ததும் நிமிர்ந்துகொண்டது. உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டுப் பார்த்தாள்.

முறியவில்லை.

பிறகு இரும்பு அறுக்கும் ரம்பத்தை எடுத்துவந்தாள்.

மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. அரிசி டின்னைத் தூக்கி வைத்தாள். அப்படியும் ஷீட் அதிர்ந்தது. முழங்காலை ஏற்றி அழுத்திக்கொண்டு அறுத்தாள். வெள்ளைத் துருவல் கையிலும் புடவையிலும் ஒட்டியது. தட்டினால் விழவில்லை. விரலுக்கு மாறிக்கொண்டது.

ஒன்றரை மணிக்குத் துண்டு சட்டத்தில் உட்கார்ந்தது. மரப் பட்டிகளை வைத்து ஆணி அடித்தாள். நீல உறையை உரித்தாள்.

எதிர்வீட்டு முருங்கை தெளிவாகத் தெரிந்தது. அறைக்கு வெளியே போய்விட்டு, புதிதாக வருபவளைப் போல உள்ளே வந்து பார்த்தாள். மூன்றும் கண்ணாடிதான். சத்தியமே செய்யலாம்.

மேல் கண்ணாடியை நகத்தால் தட்டினாள். கணீரென்றது.

நடுவில் தட்டினாள். சோப்புப் பெட்டியைத் தட்டியதுபோல இருந்தது.

கை அப்படியே நின்றது.

அவனுக்குக் குணமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இனி வீட்டில் இருப்பவர்கள் அதை நம்ப வேண்டும், அதுவும் ஒரு மருந்துதான் என்றார். நம்புகிறேன் என்று அவள் சொன்னாள். போனில் அவனிடமும் சொன்னாள். அவன் "சரிம்மா" என்றான்.

மிச்சத் துண்டுகளையும் ரம்பத்தையும் தன் கட்டிலுக்கடியில் தள்ளினாள். தரையை இரண்டு முறை பெருக்கினாள். ஜன்னலுக்குத் திரை போட்டாள். திரை அந்த ஜன்னலுக்கு எப்போதும் இருந்ததில்லை. கழற்றினாள்.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கார் வந்தது.

தம்பி பையை வாசற்படியில் வைத்தான். காபிகூட வேண்டாமென்று கிளம்பிவிட்டான். அக்கம்பக்கத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை.

நவநீதன் இளைத்திருந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அவளைப் பார்த்துச் சிரித்தான். ஒரு வருடமாக அவள் பார்க்காத சிரிப்பு.

அவள் தோளில் ஏதோ ஒட்டியிருந்தது. இரண்டு விரலால் எடுத்தான். வெள்ளையாக, சுருண்டு, ஒரு துளி. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஊதிவிட்டான்.

"சாப்பிடறியாப்பா?"

அவன் அதற்குள் அறைக்குள் போயிருந்தான்.

அவள் சமையலறையில் தட்டை எடுத்தாள். குழம்பு சூடாகத்தான் இருந்தது. மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்தாள். அறையில் கட்டில் கிரீச்சிட்டது. பிறகு காலடி ஜன்னல் பக்கம் நகர்ந்தது.

கணீரென்று ஒரு சத்தம்.

அடுத்தது கேட்கவே இல்லை. அவ்வளவு மெதுவாகத் தட்டியிருப்பான்.

அவள் அடுப்பை அணைத்தாள்.

"அம்மா, இந்த நடுக் கண்ணாடிய யார் போட்டா?"