அப்பாவின் மெட்டு

"யாரும் மூச்சு விடாதீங்க! இப்பப் பேசப் போறான்" என்று விரலை உயர்த்தினார் பேராசிரியர்.

சோபாவில் துணைவேந்தர் அம்மாள் தேநீர்க் கோப்பையும் கையுமாக அப்படியே உறைந்தார். எதிரே பாயில் பேராசிரியரின் பத்து மாத மகன் பிளாஸ்டிக் கரண்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். பேராசிரியர் கண்வைத்திருந்த புதிய பேச்சொலி ஆய்வு மையத்தின் இயக்குநர் நாற்காலி அந்தக் கரண்டி முனையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பேச்சோட மெட்டை யாரும் கத்துக்குடுக்க வேண்டாம், மேடம். காதுல எது அதிகமா விழுதோ, அது தானா ஒட்டிக்கும். வார்த்தை எல்லாம் அப்புறம்தான். அதான் என் சொற்பொழிவைப் பதிவு பண்ணி, தினம் மூணு வேளை போடச் சொல்லியிருக்கேன்."

"மருந்து மாதிரி" என்றார் துணைவேந்தர்.

கரண்டி விழுந்தது. "ததததா... தததா தததத்தா... ததா தூ."

சற்று நிறுத்தி, மறுபடி அதையே சொன்னான். ஒரு இழுப்புகூட மாறவில்லை.

"கேட்டீங்களா! ஏறுது, நிக்குது, கடைசியில பணிவா இறங்குது. அச்சு அசல் என் பேச்சு!"

"பணிவாவா? உங்க பேச்சா?" துணைவேந்தரின் புருவம் ஏறியது. "ஆனா எங்கேயோ கேட்ட மாதிரிதான் இருக்கு."

"என் ஆண்டுவிழா உரை, மேடம்! முன்வரிசையில கண்ணை மூடி ரசிச்சீங்களே!"

"அதுவா? தூங்கிட்டேன்." பேராசிரியரின் மனைவி பக்கம் திரும்பினார். "ஏம்மா, தினமும் போட்டீங்களா?"

மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "ஒரே ஒரு நாள், மேடம். நாங்களும் தூங்கிட்டோம்."

பேராசிரியர் மனைவியிடம் திரும்பினார். "அப்போ... இதை யாருடி கத்துக்குடுத்தது?"

"யாரும் கத்துக்குடுக்கலை. சாயங்காலமானா இவனை மடியில வச்சுக்கிட்டு, 'அப்பா பேசுவாரு, கேளு'ன்னு உங்களுக்கு போன் போடுவேன். ஒரு பத்து தடவையாவது."

சொல்லிக்கொண்டே கணவரின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனைப் பாயில் வைத்தாள். மேசைமேல் பேராசிரியரின் பைக்குள் ஏதோ சத்தமில்லாமல் நடுங்கி ஓய்ந்தது. பிறகு போனிலிருந்து ஒரு பெண்குரல் ஏறி, நின்று, பணிவாக இறங்கியது: "நீங்கள் அழைத்தவர்... தற்போது பதிலளிக்கவில்லை... பிறகு முயலவும்."

கூடவே ததததா பாடியபடி தவழ்ந்து போன பிள்ளை, அந்தப் போனைக் கட்டிக்கொண்டு, வாயெல்லாம் சிரிப்பாகத் தன் முதல் வார்த்தையைச் சொன்னான்:

"ப்பா!"