கடைசிப் பந்தைச் சொன்னவர்

இரண்டு தாள்களிலும் ஒரே வரி இருந்தது.

‘அந்த இறுதி ஆட்டத்தில் கடைசிப் பந்தை அவுட் என்று சொன்ன லைன் அம்பயர் நான்தான்.’

ஒரு தாள் லொம்பேயுடையது. இன்னொன்று ஜேரேயுடையது. ஒரு கோட்டைக் கவனிக்க ஒரு நாற்காலிதான் உண்டு. அதில் ஒருவர்தான் உட்கார முடியும்.

எங்கள் மண்டல டென்னிஸ் சங்கத்தின் பொன்விழா மலருக்கான தாள்கள் அவை. சம்பளம் வாங்காமல் சங்கத்தைச் சுமக்கிற நாலு பேருடைய வாழ்க்கைக் குறிப்பும் மலரில் வரவேண்டும். நான் செயலாளர், தட்டச்சு அடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. என்னுடையதை இரண்டே வரியில் முடித்திருந்தேன். அச்சகத்து ஆள் வாசலில் வண்டியை அணைக்காமல் காத்திருந்தார்.

அந்த ஆட்டத்தை அறியாதவர் எங்கள் செம்புச் சுரங்க ஊரான லுவான்ஷியாவில் இல்லை. ஒரு பக்கம், ஆறு வருஷமாகக் கோப்பையை விட்டுக்கொடுக்காத ஆங்கிலேயச் சுரங்க எஞ்சினியர். மறுபக்கம் கலுங்கா, அதே சுரங்கத்தின் அடியில் பாறை துளைத்தவர். எஞ்சினியர் அடித்த கடைசிப் பந்துக்கு ஒரு குரல் எழுந்தது. தலைமை அம்பயர் புள்ளி கலுங்காவுக்கு என்று கையைக் காட்டினார். கோப்பை எங்கள் குடியிருப்புக்கு வந்தது. மூன்று நாள் ஊரே ஆடியது. அந்த ஆட்டத்திலிருந்துதான் சங்கமே முளைத்தது.

அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் லொம்பேயின் தாளில் மிஞ்சுவது ஆம்புலன்ஸ் ஓட்டிய முப்பது வருஷம். ஜேரேயின் தாளில் உருக்காலையும், அங்கே வெந்த முழங்கையும். இருவருக்கும் எழுபத்தைந்து ஆகிறது. இனிமேல் வேறு வரி எங்கே சேரப்போகிறது?

“பனா முத்தாலே, இந்த எலி தின்னி சொல்றதைக் காதுல வாங்காதீங்க,” என்றார் லொம்பே. முத்தாலேயின் அம்மா என்றுதான் என்னை எல்லோரும் கூப்பிடுவார்கள். “கடைசிப் பந்து விழுந்தப்போ இவன் மைதானத்துலயே இல்ல.”

“குரங்கு தின்னிக்கு மரம் ஏறத் தெரியும். கோடு பார்க்கத் தெரியுமா?” என்றார் ஜேரே.

லொம்பே பெம்பா, ஜேரே ங்கோனி. இரண்டு இனமும் கேலி முறைக்காரர்கள், என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இன்று ஜேரேயின் கையில் இருந்த எண்ணெய்ப் பலகாரம் கடிபடாமலே நசுங்கிக்கொண்டிருந்தது.

இருவருமே பொய் பேசாதவர்கள். லொம்பே சொன்ன வெயில், நிழல், எஞ்சினியரின் தொப்பி எல்லாம் சரியாக இருந்தது. ஜேரே சொன்னதும் அப்படியே சரியாக இருந்தது.

கேளுங்கள், நடந்தது எனக்குத் தெரியும்.

முதல் செட்டில் அந்த நாற்காலியில் இருந்தது லொம்பே. சுரங்கத்தில் யாருக்கோ அடிபட்டது என்று ஆம்புலன்ஸுக்கு அழைத்துப் போனார்கள். இரண்டாவது செட்டில் ஜேரே. லொம்பே திரும்பி வந்துவிடுவார் என்று நம்பி, செட் முடிந்ததும் வேலைக்கு ஓடினார். மூன்றாவது செட்டில் நாற்காலி காலி. ஐம்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி, இருவருமே கடைசிப் பந்து வரை அதில் உட்கார்ந்துவிட்டார்கள்.

வேலியோரம் ஆரஞ்சு விற்றுக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பெண்ணை அம்பயர் கைகாட்டிக் கூப்பிட்டார். உட்கார், கோட்டைப் பார், பந்து தாண்டினால் கத்து. எல்லாம் சைகையில்தான்.

அந்தப் பெண் நான்.

யாரிடமும் இதைச் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை. ஆரஞ்சுக்காரி முகம் யாருக்கு நினைவிருக்கும்?

“தலைவரே, ஆடினவர் நீங்க. நீங்களே சொல்லிடுங்க,” என்று ஜேரே திரும்பினார். “அந்தப் பந்தை அவுட்னு சொன்னது யாரு?”

கலுங்கா ஜன்னலோரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருஷமாக அவர்தான் எங்கள் தலைவர். குவளையைக் கீழே வைத்தார். அவர்கள் இருவரையும் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

“அவுட்னு யாருமே சொல்லலியே,” என்றார்.

லொம்பே வெடித்துச் சிரித்தார்.

“போச்சுடா! பாறையைத் துளைச்சுத் துளைச்சு தலைவருக்குக் காதும் போச்சு, மூளையும் போச்சு!”

ஜேரேவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சிரிப்போடு சண்டையும் கரைந்தது.

“ரெண்டு பேர் பேரையும் போட்டுடுங்க, பனா முத்தாலே. என் பேர் முதல்ல,” என்றார் லொம்பே.

“நாலு மாசம் மூத்தவன் நான்டா. என் பேர்தான் முதல்ல.”

அப்படியே தள்ளிக்கொண்டு அச்சகத்து ஆளிடம் போனார்கள். நான் இரண்டு பெயர்களையும் தட்டச்சில் அடித்தேன்.

கலுங்கா தன் தாளை என் முன்னால் வைத்துவிட்டு வெளியே போனார்.

பிறந்த ஊர். சுரங்கம். ஆறு பிள்ளைகள். கடைசியில் ஒரு வரி: ‘ஒரு முறை இறுதி ஆட்டம் வரை வந்தேன்.’

வென்றதாக ஒரு வார்த்தை இல்லை.

அன்று பந்து கோட்டின் மேலேயே விழுந்தது, அது அவுட் இல்லை. சுண்ணாம்பு பறந்து என் பாதத்தில் படிந்தது. ஐயோ, கலுங்காவுக்கு அந்தப் பந்து போச்சே என்று பதறி, “ஆவே!” என்று கத்திவிட்டேன். எங்கள் பேச்சில் அதற்கு ‘இல்லை, கூடாது’ என்று அர்த்தம். உயர நாற்காலியில் இருந்த ஆங்கிலேய அம்பயருக்கு அது ‘அவுட்’ என்று கேட்டது.

கலுங்கா என்னிடமிருந்து நாலடி தூரத்தில் நின்றிருந்தார்.

அவருக்கு அது எங்கள் வார்த்தையாகவே கேட்டிருக்கிறது.