சோத்துப்பானைக்கு மூன்று கல்

“மாமா, ஒங்க பையில எதுக்கு இம்புட்டுக் கல்லு?” என்று கேட்டாள் பந்தலில் சோறாக்கும் சந்தனமாரியின் ஐந்து வயது மகள்.

ஏரியை மண்கொட்டி மூடவிடாமல் நாற்பது நாளாக உட்கார்ந்திருந்த போராட்டப் பந்தலே அவள் பக்கம் திரும்பியது. முனியாண்டி பையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். ஏரியை மனையாக்கப் பார்க்கும் முதலாளி அனுப்பிய ஆள் அவன். மறுநாள் மனு கொடுக்கப் போகும் ஊர்வலத்தில் போலீஸ் மேல் ஒரு கல் விழுந்தால் போதும், பந்தலைப் பிரித்துவிடுவார்கள்.

“கூட நின்னு கோஷம் போட்டப்பவே நெனச்சேன்டா!” என்று இளவட்டங்கள் எழுந்தார்கள். அவன்மேல் கை வைத்தாலும் வழக்குத்தான், பந்தல் போய்விடும். சந்தனமாரி கரண்டியோடு குறுக்கே வந்தாள்.

“உக்காருங்கப்பா. அண்ணே, சோத்துப்பானை ஆடிக்கிட்டே கெடக்கு. பாத்து மூணு கல்லுக் குடுங்க.”

அவனே குனிந்து முட்டுக்கொடுத்தான். பானை அசையாமல் நின்றது. அன்றைய பந்தியில் முதல் இலையை அவனுக்குத்தான் போட்டார்கள். கடவுள் சிலரைச் சோறு போட்டுத்தான் கூப்பிடுகிறார்.

மறுநாள் மதியம் எல்லோரும் மனு கொடுக்கக் கிளம்பினார்கள். “பந்தலப் பாத்துக்கங்கண்ணே” என்று அவனிடமே சொல்லிவிட்டுப் போனாள் சந்தனமாரி. பாய்களை உதறி அடுக்கும்போது, அடியில் யாரோ செருகிவைத்த பெட்ரோல் கேன் அவன் கையில் தட்டுப்பட்டது. இதுவும் முதலாளி வேலைதான், சாயங்காலம் போலீஸ் சோதனைக்கு வரும் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. கேனைத் துண்டால் மூடி, ஆளில்லாத கரைவழியே சுமந்துபோய், முதலாளியின் வாசலிலேயே இறக்கிவைத்தான். பிறகு பந்தலுக்கே திரும்பி நடந்தான்.