ஆறு அறைக்கு ஒரு சுவிட்ச்

“சத்தம் கொஞ்சம் கரகரன்னு வந்தாலும் பரவால்ல ராசா. படம் மட்டும் ஒரு நொடிகூட நிக்கக் கூடாது” என்றாள் தோன்யா நூபியா, கடையின் கண்ணாடி மேசைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு. கிளிப்பச்சைச் சட்டை, உதட்டில் அடர்ந்த சிவப்பு, காதில் வளையல் அளவுக்குப் பெரிய தங்க வளையம்.

மனிசாலெஸ் நகரின் கடைத்தெருவில் வில்மார் பதினோரு வருடமாகக் கணினிச் சாமான் விற்கிறான். பல கணினிகளை ஒயரால் இணையத்தோடு சேர்க்கும் நெட்வொர்க் சுவிட்சை வீட்டுக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இரண்டே கேள்விதான் கேட்பான். எத்தனை கணினி, என்ன உபயோகம்?

“ஆறு பொண்ணுங்க, ஆறு ரூம். எல்லாரும் கேமரா முன்னாலதான். வைஃபையில படம் விட்டு விட்டு வருது. அதான் மொத்தமா ஒயர் இழுத்துடலாம்னு பார்க்கறேன்.”

அலமாரிப் பக்கம் போன அவன் கை பாதியில் நின்றது. “என்ன வேலைங்க அது?”

“அடுத்தவங்க உடம்பு சமாச்சாரம் ராசா. வெளியே பேச மாட்டோம்.” அவள் சிரித்தாள். “முகமும் கையும் பளிச்சுனு தெரியணும், அவ்வளவுதான். விலையை மட்டும் கொஞ்சம் பார்த்துப் போடு.”

வில்மாருக்கு நாக்கின் அடியில் கசந்தது. இந்த மாதிரி வீடுகள் ஊரில் பெருகிவிட்டதை அவனும் கேள்விப்பட்டிருக்கிறான். அறைக்கு ஒரு பெண், அறைக்கு ஒரு கேமரா. கடல் கடந்து எவனெவனோ காசு கட்டிப் பார்ப்பான். அதை நடத்துகிறவள் அவன் அம்மா வயதில் எதிரே நின்றுகொண்டு ராசா, ராசா என்கிறாள்.

“அந்த இரும்புப் பெட்டி எப்படி? நிறைய ஓட்டை இருக்கே” என்று மேல்தட்டைக் காட்டினாள்.

“அது பெரிய ஆபீசுக்கு. உங்களுக்கு எதுக்கு?”

வேறு யாராவது கேட்டிருந்தால் ஒழுங்காகச் சொல்லியிருப்பான். கணினிகளுக்கு ஒயர் சொருக ஆறு போர்ட், இணைய மோடத்துக்கு ஒன்று, கையிருப்பு ஒன்று. ஆக, எட்டு போர்ட் பிளாஸ்டிக் சுவிட்ச் போதும். சொருகினால் ஓடும், அதற்குமேல் ஒரு பெசோகூட செலவழிக்காதீர்கள் என்று புதுப் பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்திருப்பான்.

இன்று குனிந்து, மேசைக்கு அடியில் கிடந்த ஒன்றை எடுத்தான். போன மாதம் ஒருவர் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது. ஐந்து நிமிடம் நன்றாக ஓடும், சூடேறியதும் செத்துப்போகும். குப்பையில் போட வைத்திருந்தான். தூசியைச் சட்டையிலேயே துடைத்தான். இவளுக்கு இது போதும்.

“நல்ல சாமானா ராசா?”

“உங்க வேலைக்கு இது தாராளம்.”

“அப்படின்னா நீயே வந்து மாட்டிக் குடுத்துடு. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

புண்ணியமாம்! ஆனாலும் மத்தியானம் ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு மேட்டுத் தெரு ஏறினான்.

அவன் நினைத்தது ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒவ்வோர் அறையிலும் சுவர் முழுக்கக் கறுப்புத் துணி, நாற்காலியைப் பார்த்து இரண்டு பெரிய விளக்குகள். பெண்களும் கறுப்பு உடையிலேயே இருந்தார்கள். விரலில் மோதிரம் இல்லை, நகத்தில் சாயம் இல்லை. கூடத்தில் ஒருத்தி உட்கார்ந்து மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“காலையிலேர்ந்து ஒன்பது பேரு. கை விட்டுப்போச்சு” என்றாள் பக்கத்திலிருந்தவளிடம்.

வில்மாருக்குக் காதைக் கழுவ வேண்டும்போல் இருந்தது. நூபியா நீட்டிய சூடான வெல்லத் தண்ணீரை வாங்கி, வாய் வைக்காமல் படிக்கட்டில் வைத்தான். அந்த வீட்டுக் கோப்பையைத் தொட்டதே கையில் பிசுபிசுத்தது.

முதல் அறைக்கு ஒயரைச் சொருகியதுமே அங்கே அழைப்பு வந்துவிட்டது. யெசெனியா என்ற இருபது வயதுப் பெண் ஓடிப்போய்க் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு விளக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தக்கூட இல்லை.

கூடத்தில் ஒயருக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவன் வேண்டாம் வேண்டாம் என்றே எட்டிப் பார்த்தான். அவள் கன்னத்தை உப்பினாள், புருவத்தை ஏற்றி இறக்கினாள், அடிவயிற்றை அழுத்திக் காட்டினாள், கைகளைக் காற்றில் வீசினாள். திரையில் யார் இருக்கிறார்கள் என்று இங்கிருந்து தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை.

“த்தூ!” என்று முணுமுணுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நாலாவது ஆணி அடிப்பதற்குள் உள்ளேயிருந்து அலறல் கேட்டது. “ஐயோ, படம் நின்னுடுச்சு! நூபியாம்மா, நின்னுடுச்சு!”

தைலம் தேய்த்தவள் பதறி எழுந்தாள். நூபியா செருப்பை உதறிவிட்டு ஓடினாள். மூலையில் சுவிட்சின் விளக்குகள் மொத்தமாக அணைந்திருந்தன. வில்மார் சுத்தியலைக் கீழே வைக்காமல், அவசரமே இல்லாமல் அறை வாசலில் போய் நின்றான்.

“என்ன குடிமுழுகிப் போச்சு? காசு குடுத்தவன் ரெண்டு நிமிஷம் காத்திருக்கட்டுமே. செத்தா போயிடுவான்?”

யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. யெசெனியா கைப்பேசியில் ஓர் எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் எடுத்த நொடியே கத்தினாள்.

“டாக்டர், அந்த ஊசியைப் போட்டுடாதீங்க! தனக்கு அது ஒத்துக்காதுன்னு அந்தக் காது கேக்காத அம்மா இப்பதான் கை சைகையில சொன்னாங்க!”