எட்டுத் திசைக்கும் ஒரு சிப்பாய்

ஒரு சிப்பாயை எட்டுத் திசையிலும் நடக்கவிட எத்தனை படம் வரைய வேண்டும் தெரியுமா? திசைக்கு நாலு வீதம் முப்பத்திரண்டு. அத்தான் நம்பிராஜன் கேட்டதோ ஐந்து சிப்பாய்.

பாண்டிச்செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தாள். செல்போன் கம்பெனியில் அவளுடைய ரெண்டு வருஷ ட்ரெய்னிங் இந்த மாதத்தோடு முடிகிறது. வேறு வேலை கிடைக்காவிட்டால் சொந்த ஊர் சங்கரன்கோவிலுக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கூட வேலை பார்க்கும் பெண்கள் எல்லாம் லீவு நாளில் பயோடேட்டாவோடு ஒரகடம் பக்கம் கம்பெனி கம்பெனியாக அலைகிறார்கள். இவள் மட்டும் பிள்ளைப்பாக்கத்தில், அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில், அத்தான் செய்யப்போகும் போர் விளையாட்டுக்குப் படை திரட்டிக்கொண்டிருந்தாள்.

தங்க இடமும் சோறும் தருகிற வீடு. முடியாது என்று எப்படிச் சொல்வது?

முதல் சிப்பாயிலேயே குறுக்கு வழி ஒன்றைப் பிடித்தாள். கிழக்கே பார்த்தவனை அப்படியே கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பி, மேற்கே பார்க்க வைத்தாள். அத்தான் மயிரிழை பிசகாமல் அச்சு செய்கிற டூல் ரூம்காரர் அல்லவா, பார்த்ததுமே பிடித்துவிட்டார்.

"வாள் இடது கைக்குப் போயிட்டே செல்வி. ரிஜெக்ட்."

"விளையாடுறவன் இதையெல்லாமா பாப்பான்?"

"பாக்குறவன் பாப்பான். மறுபடி வரை."

ஐந்தாவது சிப்பாய் முடியும் நேரத்தில் டில்லிபாபு வந்தான். அத்தானோடு டூல் ரூமில் வேலை பார்க்கிறவன், போர் விளையாட்டுப் பைத்தியம். திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னாண்ணா, இன்னும் தட்டைப் படத்துலயே கீறீங்க? இப்ப வர்ற கேமெல்லாம் த்ரீ-டி. ஒரு பொம்மை செஞ்சா போதும், எந்தப் பக்கம் வேணா திருப்பிக்கலாம்."

அத்தான் விட்டுக்கொடுக்கவில்லை. கிட்டே போனால் த்ரீ-டி சிப்பாய் பாதி செதுக்கிய மரக்கட்டை மாதிரி இருக்கிறானாம். நூறு பேரை இறக்கினால் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குகிறதாம். வில்காரன் யார், வேல்காரன் யார் என்று வரைந்த படத்தில்தான் சட்டென்று தெரியுமாம். முகத்தில் உயிர் வேண்டும் என்றார்.

"அதுக்கு இந்தப் பொண்ணு உயிர எடுக்கிறதா? தினம் த்ரீ-டில டிசைன் போடற ஆளு நீங்க. அஞ்சு பொம்மையும் ஒரே நாள்ல முடிச்சிருப்பீங்களே" என்றான் டில்லிபாபு.

பாண்டிச்செல்விக்கு மவுஸ் பிடித்த கை அப்படியே நின்றது. ஒரு நாள் வேலை. அதற்குத் தன்னுடைய எட்டு லீவு நாளைத் தின்றிருக்கிறார் மனுஷன்.

டில்லிபாபு கிளம்பியதும் கேட்டே விட்டாள்.

"தெரிஞ்சேதான் என்னைய வரைய விட்டீகளா அத்தான்? இந்நேரம் நாலு கம்பெனி ஏறி இறங்கியிருப்பேன்." அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அக்கா சந்திரலேகா உள்ளேயிருந்து ஒரு கவரைக் கொண்டுவந்து நீட்டினாள். நேற்று கூரியரில் வந்ததாம். ஐந்தாவது சிப்பாயும் முடியட்டும் என்று வைத்திருந்தார்களாம்.

சென்னையில் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் கம்பெனி ஒன்று பாண்டிச்செல்வி பெயருக்கு எழுதியிருந்தது. மற்றவர்கள் அனுப்பிய படங்களில் சிப்பாய் திரும்பினால் வாளும் கை மாறிவிடுகிறது, உங்கள் சிப்பாய் மட்டும் எட்டுத் திசையிலும் வலது கையிலேயே பிடித்திருக்கிறான், எல்லாப் படங்களோடும் வியாழக்கிழமை நேரில் வாருங்கள் என்றது கடிதம்.

"நான் எதையும் அனுப்பலையே அக்கா."

"உங்க அத்தான் அனுப்புனாரு. படம் வரைய ஆள் வேணும்னு பேப்பர்ல இவங்க போட்ட விளம்பரத்தைக் காட்டுனதுக்கு, எனக்கெல்லாம் எவன் குடுப்பான்னு மடிச்சு வச்சவதானே நீ? நேரா சொன்னா வரைஞ்சிருப்பியா? அவரே பொம்மை செஞ்சு அனுப்பியிருந்தா வேலை அவருக்குல்ல வந்திருக்கும்."

பாண்டிச்செல்விக்கு வெட்கமாகப் போய்விட்டது. எட்டு வாரமாக மனசுக்குள் திட்டிய திட்டையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி அத்தான், உங்க கேமை எப்ப முடிப்பீக?"

"கேமா?" நம்பிராஜன் அசடு வழிந்தார். "உன் படை அங்கிட்டும் இங்கிட்டும் நடக்கும், அவ்வளவுதான் செல்வி. சண்டை போட வைக்க எனக்கு எங்க தெரியும்?"