கண்ணில் கலந்தது

மக்காச்சோளத் தோகை கீறி, என் வலது கண்ணில் பூஞ்சை பிடித்திருந்தது. கண் கோவைப்பழமாய்ச் சிவந்து வீங்கிவிட, பார்வை போய்விடும் என்றே பயந்துகிடந்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு லென்ஸை மாட்டி அனுப்பினார்கள். மணிக்கொரு தரம் அதுவே மருந்தைக் கசியவிடும். கண் எப்படி இருக்கிறது, அதில் வேறு எது பட்டது என்பதையும் டாக்டருக்குச் சொல்லிவிடும்.

அடுத்த வாரமே டாக்டரம்மா போனில் பிடித்துக்கொண்டார்.

"அஞ்சலை, கண்ணுல தாய்ப்பால் விட்டிருக்கீங்க. அதுவும் தினம் மத்தியானம்! யாரு விடச் சொன்னா?"

"சத்தியமா நான் விடலை டாக்டரம்மா."

மத்தியானம் வலி மாத்திரை மயக்கத்தில் தூங்குவேன். கண்ணில் இளஞ்சூடாக ஏதோ விழுவதை லென்ஸின் வேலை என்று நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் கைக்குழந்தைக்காரி ஒருத்திதான்: என் கொழுந்தன் மனைவி பூவரசி. மோட்டார் தண்ணீர்ச் சண்டைக்குப் பிறகு இரண்டு வருடமாக அவள் என்னிடம் பேசியதில்லை. நானும் இறங்கிப் போகவில்லை.

"இனிமே எதையும் விடாதீங்க. நல்ல வேளை, பூஞ்சை செத்துடுச்சு, வீக்கமும் வடியுது. கண்ணு தப்பிச்சுது."

போனை வைத்ததும் கூப்பிட்டேன்.

"ஏ பூவரசி! கண்ணு பொழைச்சிடுச்சாம். இனிமே பால் வேண்டாமாம், புள்ளைக்கே குடு."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"சரிக்கா" என்றாள்.

உடனே போன் மறுபடி அடித்தது.

"இப்ப என்னத்தை ஊத்துனீங்க? உப்புத் தண்ணியாட்டம் காட்டுதே!"

"யாரும் ஊத்தல டாக்டரம்மா. இது என்னோடது."